குணம் மாறிவிட்டதா, மூளை காயப்பட்டிருக்கிறதா? தலைக்காயத்துக்குப் பின் வீடு திரும்பியவரைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் தலையில் அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ வீடு திரும்பியவரைப் பற்றிக் குடும்பத்தார் முதல் மாதம் சொல்வது: "பிழைத்து வந்ததே குன்றக்குடி முருகன் புண்ணியம்." மூன்றாம் மாதம் அதே வாய் வேறு சொல்லும். "நடக்கிறார், சாப்பிடுகிறார், எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் சோம்பேறியாகிவிட்டார். எதற்கெடுத்தாலும் கத்துகிறார். வேண்டுமென்றே செய்கிறார்."

இந்த "வேண்டுமென்றே" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மறுவாழ்வுப் பயிற்சிக்காகச் செட்டிநாட்டு வீடுகளுக்குள் போய்வரும் எனக்குக் கை கால் பயிற்சியைவிட அதிக நேரம் எடுப்பது, அந்தச் சொல்லை வீட்டாரின் வாயிலிருந்து இறக்குவதுதான். இருசக்கர வாகன விபத்து, மாடிப்படியில் விழுந்தது, பக்கவாதம் என்று காரணம் எதுவானாலும், காயப்பட்ட மூளையின் அறிகுறிகள் வெளியே குணக்கேடு போலவே தெரியும். கீழே உள்ள படிகளைக் கூடுமானவரை இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: மருத்துவமனைத் தாள்களைப் படியுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கோப்பில் வைத்துப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். அதில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்.

முதலாவது, அடிபட்டவர் எந்த அளவுக்கு உணர்வோடு இருந்தார் என்பதை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலின் மதிப்பெண். 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த இந்த அளவு 3 முதல் 15 வரை போகும். 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது.

இரண்டாவது, ஸ்கேனில் எந்தப் பகுதி குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடலும் பொட்டுக்கு உள்ளேயுள்ள பொட்டு மடலும்தான் அடிக்கடி வரும். மண்டையோட்டின் அடித்தளம் அந்த இடத்தில் கரடுமுரடான எலும்பு விளிம்புகளால் ஆனது. அடி பின்னந்தலையில் பட்டாலும், மூளை முன்னோக்கிச் சென்று அந்த விளிம்புகளில் உரசிச் சிதைகிறது. திட்டமிடுதல், அடக்கம், நினைவு, மனநிலை எல்லாம் குடியிருக்கும் பகுதி அது.

மூன்றாவது செய்தி பெரும்பாலும் தாளில் இருக்காது. நீங்களே யோசித்து எழுத வேண்டும்: விபத்துக்குப் பிறகு எத்தனை நாள்வரை அவருக்கு அன்றாட நிகழ்வுகள் மனத்தில் பதியவில்லை? கண் விழித்துப் பேசியிருப்பார். ஆனால் நேற்று யார் வந்தார் என்று கேட்டால் தெரிந்திருக்காது. இந்தப் பதிவில்லாக் காலம் ஒரு நாளைத் தாண்டினாலே காயம் கடுமையானது. ஒரு வாரத்தைத் தாண்டினால் மிகக் கடுமையானது. பின்னாளில் நினைவும் வேலைத் திறனும் எந்த அளவுக்குத் திரும்பும் என்று கணிக்க மருத்துவர்கள் பெரிதும் நம்புவது இந்தக் கணக்கைத்தான்.

"ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்பதை வைத்து நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வேகமான மோதலில் நரம்பிழைகள் மூளை முழுவதும் இழுபட்டு அறுபடுவதுண்டு. அவசரத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம்.

படி 2: குழப்பம் தீரும்வரை கூட்டத்தைத் தள்ளி வையுங்கள்

நினைவு திரும்பும் கட்டத்தில் பலர் குழம்பிக் கிளர்ந்தெழுவார்கள். ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள். அப்பத்தா காதில் விழவே கூடாத சொற்களைச் சொல்வார்கள். இல்லாத கதையை நடந்தது போலச் சொல்வார்கள். மலேசியாவில் பல வருடம் கடை வைத்திருந்த பெரியவர், கட்டிலில் படுத்தபடியே "பினாங்கில் சரக்கு இறங்கிவிட்டதா?" என்று கேட்பது இந்த வகை. பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். நினைவில் விழுந்த ஓட்டைகளை மூளை தானாகவே கற்பனையால் அடைத்துக்கொள்கிறது.

வாதிடாதீர்கள். "நீங்கள் காரைக்குடியில், நம் வீட்டில் இருக்கிறீர்கள். விழுந்து தலையில் அடிபட்டது. தேறி வருகிறீர்கள்" என்று ஒரே வாக்கியத்தை ஒரே தொனியில் சொல்லுங்கள். போதும்.

நம் பக்கத்து வழக்கம் ஒன்று இங்கே குறுக்கே நிற்கும். உடம்பு சரியில்லை என்றால் பங்காளிகள், தாய்ப்பிள்ளைகள் எல்லாரும் பார்க்க வருவார்கள். வராவிட்டால் அதுவே ஒரு மனத்தாங்கல். வந்தவர்கள் சும்மாவும் இருப்பதில்லை. "என்னை யார் என்று தெரிகிறதா?" என்று ஆளாளுக்குப் பரீட்சை வைப்பார்கள். காயப்பட்ட மூளை ஒரே நேரத்தில் இரண்டு குரல்களைப் பிரித்துக் கேட்கவே திணறும். வந்தவர்களை முகப்பிலேயே உட்காரவைத்துக் காபி கொடுங்கள். உள்ளே ஒருவராக, சில நிமிடங்கள் மட்டும். மருத்துவர் உத்தரவு என்று சொல்லிவிடுங்கள். மாமனாரிடம் நேரடியாக மறுக்க முடியாத மருமகளுக்கு இந்த ஒரு வாக்கியம் பெரிய துணை.

படி 3: எது எந்தக் காயத்திலிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்

வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

குடும்பத்தார் "சோம்பல்" என்று சொல்வதில் பெரும்பங்கு, வேலையைத் தொடங்கும் ஆற்றல் போனதுதான். முன்மடலின் உட்பக்கமும் அதோடு இணைந்த பாதைகளும் காயப்பட்டால், என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், செய்யவும் முடியும், ஆனால் கிளம்பாது. குளிக்கச் சொன்னால் "சரி" என்பார், அரை மணி கழித்தும் அதே நாற்காலியில் இருப்பார். கையில் துண்டைக் கொடுத்து எழுப்பிவிட்டால் தானே குளித்துவிட்டு வருவார். தூண்டினால் ஓடுகிறது, தூண்டாவிட்டால் நிற்கிறது என்பதே அடையாளம். மனச்சோர்வு வேறு: அதில் துக்கம் இருக்கும், குற்ற உணர்வு இருக்கும், தூக்கமும் பசியும் கெடும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். அப்போது மனநல மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

இதற்கு நேரெதிர், கடிவாளம் போவது. முன்மடலின் அடிப்பகுதி, அதாவது கண்குழிக்கு மேலேயுள்ள பகுதி, சேதமானால் நினைத்தது அப்படியே வாயில் வந்துவிடும். பந்தியில் சம்பந்தி முகத்துக்கு நேரே "உங்கள் வீட்டுச் சாப்பாடு இதைவிட மோசம்" என்பார். கடன் கேட்பவருக்கு யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார். சிலர் பெண்களிடம் முறைதவறிப் பேசுவதும் தொடுவதும் உண்டு. குடும்பங்கள் வெளியே சொல்லவே சொல்லாத விஷயம் இது. சொல்லுங்கள். மருத்துவத்தில் இதற்கும் வழி உண்டு. வீட்டில் வேலை செய்யும் பெண்ணைத் தனியே அவரிடம் அனுப்பாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

மறதியிலும் வகை உண்டு. பழையது நன்றாக இருக்கும், புதியது தங்காது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணத்தில் யார் யாருக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று சொல்வார். காலையில் மாத்திரை போட்டாரா என்பது தெரியாது. "வேண்டியது மட்டும் நினைவிருக்கிறது" என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் பிறக்கிறது. பழைய நினைவுகள் மூளையில் பரவலாக ஊன்றிவிட்டவை. புதியவற்றைப் பதியவைக்க ஹிப்போகாம்பஸ் என்ற பொட்டு மடலின் உட்பகுதி வேலை செய்ய வேண்டும். அடிபட்டிருப்பது அது.

வலது மூளையில் பக்கவாதம் வந்தவர்களிடம் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். உலகின் இடப்பாதி அவர்களுக்கு இல்லாமல் போய்விடும். வாழையிலையில் இடப்பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் இனிப்பும் அப்படியே கிடக்கும். "பரிமாறவே இல்லையே" என்று கோபிப்பார். பார்வை நன்றாக இருக்கும், கவனம்தான் அந்தப் பக்கம் திரும்பாது. இலையின் இட ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டி, அங்கிருந்து பார்வையை நகர்த்தப் பழக்குவது பயிற்சியின் ஒரு பகுதி.

எல்லாவற்றிலும் கடினமானது, தனக்குக் குறை இருப்பதே தெரியாமல் போவது. 1914-இல் பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பபின்ஸ்கி இதற்குத் தனிப் பெயரே வைத்தார். "எனக்கு ஒன்றுமில்லை, சாவியைக் கொடு, கடைக்குப் போகிறேன்" என்று சொல்பவர் பிடிவாதக்காரர் அல்லர். தன் குறையைக் கண்டறிய வேண்டிய கருவியே அவரிடம் காயப்பட்டிருக்கிறது. பட்டியல் போட்டு நிரூபித்தால் சண்டைதான் மிஞ்சும். பாதுகாப்பான சின்ன வேலை ஒன்றைச் செய்யவிட்டு, முடிந்ததும் "எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று அமைதியாகக் கேளுங்கள். தன் அனுபவத்தில் கண்டதைத்தான் அவர் மெல்ல ஏற்றுக்கொள்வார்.

இவை தவிர, யோசனையின் வேகம் குறைவது ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. கேள்வி கேட்டால் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். அடுத்த கேள்வியை அதற்குள் வீசாதீர்கள். காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ பொங்கி வருவதும் காயத்தின் வேலையே. மதியத்துக்கு மேல் வரும் களைப்பு மூளையின் களைப்பு. அதை ஊக்கப் பேச்சால் விரட்ட முடியாது, ஓய்வால்தான் தீரும்.

படி 4: பழியை மூளைக்காயத்தின்மேல் போடுமுன் மற்றவற்றைத் தேடுங்கள்

நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று மாறினால், காயம் தானாக மோசமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, சர்க்கரை ஏறி இறங்குவது, இரத்தத்தில் சோடியம் குறைவது, தூக்கமின்மை இவற்றில் எதுவும் ஒரே நாளில் ஆளை மாற்றிவிடும். வலிப்பைத் தடுக்கப் பலருக்கும் தரப்படும் லெவெடிராசிட்டம் மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். தெருமுனை மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். குழப்பத்தை அது அதிகமாக்கும்.

வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், புதிதாக ஒரு கை கால் வலுவிழப்பது ஆகியவற்றுக்கு உடனே 108. வயதானவர்களுக்கு, குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு, சாதாரணமாக விழுந்து வாரக்கணக்கில் ஆன பிறகும் மூளைக்கு மேல் இரத்தம் கசிந்து தேங்கலாம். நடை தடுமாறி, சிறுநீர் அடக்க முடியாமல், யோசனை மந்தமாகிக்கொண்டே போனால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு.

மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் தடுப்பதில்லை, மாத்திரை நிற்காதவரை. ஞாபகசக்திக்கு என்று விற்கும் லேகியங்களுக்குக் கொட்டும் பணத்தைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

படி 5: சிட்டை போடுங்கள்

வட்டிக்கடைக் காலத்திலிருந்து கணக்கெழுதிப் பழகிய ஊர் இது. அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதிப் பிறகு பேரேட்டில் தலைப்புவாரியாக ஏற்றியது போலவே நடத்தையையும் எழுதுங்கள். ஒரு நோட்டு, நான்கு பத்தி: நேரம், முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். "கோபப்பட்டார்" என்று எழுதாதீர்கள். "டம்ளரைத் தரையில் எறிந்தார்" என்று எழுதுங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தலைப்புவாரியாகப் பிரித்தால், கத்தல்களில் பெரும்பாலானவை மாலை நேரத்தில், தொலைக்காட்சி ஓடும்போது, இரண்டு பேர் ஒரே சமயம் பேசும்போது என்று தெரியவரலாம். மருத்துவருக்கு இந்த நோட்டு "எப்போதும் கோபம் சார்" என்பதைவிட ஆயிரம் மடங்கு பயன்படும். நான்காவது பத்தியைத்தான் எல்லாரும் எழுதாமல் விடுகிறார்கள், ஏனென்றால் அதில் இருப்பது நாம். கத்தியதும் கேட்டது கிடைத்துவிடுகிறது என்றால், கத்தக் கற்றுக்கொடுப்பதே நாம்தான்.

படி 6: வீட்டை மாற்றுங்கள்

செட்டிநாட்டு வீடு மூளைக்காயம் பட்டவருக்கு எளிதான இடம் அல்ல. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக ஒரே அளவு, ஒரே தேக்குக் கதவு, ஒரே பித்தளைக் குமிழ் கொண்ட அறைகள். திசை உணர்வு குறைந்தவர் தன் அறை என்று நினைத்து அண்ணன் மகன் அறைக்குள் போய்விடுவார். அவர் கதவில் மட்டும் அழுத்தமான நிறத்தில் ஒரு துணியையோ, இளம் வயதுப் புகைப்படம் ஒன்றையோ கண்ணுயரத்தில் மாட்டுங்கள். கழிப்பறைக் கதவிலும் அப்படியே. பின்கட்டில் வெகுதூரத்தில் இருந்தால் இரவுக்குக் கட்டிலருகே மாற்று ஏற்பாடு செய்யுங்கள்.

நிலைப்படிகள் உயரமானவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் நாடா ஒட்டுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல் ஈரத்தில் வழுக்கும். மழையில் வளவு நனையும் நாள்களில் அவர் நடக்கும் தடத்தை உலர்வாக வையுங்கள். பூக்கோலக் கற்களின் வடிவங்கள் பார்வைக் குழப்பம் உள்ளவருக்குப் பள்ளம் மேடாகத் தோன்றலாம். ஒரே நிறத்தில், வழுக்காத விரிப்பைப் பதித்துவிட்டால் தயக்கம் குறையும். கிணற்றுக்கு மூடி, சிலிண்டருக்கு வால்வை மூடும் பழக்கம், மோட்டார் சைக்கிள் சாவி கண்ணில் படாத இடத்தில். இவ்வளவும் ஒரு நாள் வேலை.

சுவரில் பெரிய எழுத்தில் நாள் அட்டவணை, தினசரி காலண்டர், அருகே கடிகாரம். எழுவது, குளிப்பது, இட்லி, நடை, ஓய்வு எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். அட்டவணையின் வலிமைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பாறை வெடிவைக்கும்போது இரும்புக் கம்பி ஒன்று ஃபினியாஸ் கேஜ் என்பவரின் முன்மடலைத் துளைத்துக்கொண்டு போனது. பொறுப்பான மேற்பார்வையாளர் முரடராக மாறிய கதையோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதே மனிதர் பிற்பாடு சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நேரத்துக்குக் கிளம்பி, தெரிந்த தடத்தில் ஓட்டி, நேரத்துக்குச் சேரும் அந்த ஒழுங்குதான் அவரைத் தூக்கி நிறுத்தியிருக்கும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடைய கருத்து.

படி 7: ஒரே ஒரு வேலையை, தவறு செய்யவிடாமல் கற்றுக்கொடுங்கள்

பள்ளிக்கூடத்தில் "யோசித்துப் பார், தப்பானால் பரவாயில்லை" என்போம். நினைவு காயப்பட்டவருக்கு அது பொருந்தாது. செய்த தவறு நினைவில் நிற்காது. ஆனால் கை அந்தத் தவறையே பழக்கமாக்கிக்கொள்ளும். ஊகிக்கவிடாமல், தவறுமுன்பே சரியான அடியைக் காட்டுங்கள். தேறத் தேறக் காட்டுவதைக் குறையுங்கள்.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரின் வரலாறு போதும். 1953-இல் வலிப்புக்காகச் செய்த அறுவை சிகிச்சையில் இருபக்க ஹிப்போகாம்பஸ் பகுதிகளும் எடுக்கப்பட்டு, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் திறனை இழந்தார். ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது. அதைத்தான் நாம் பயன்படுத்துகிறோம்.

வேலையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். காலையில் சாமி விளக்கேற்றுவது ஒரு பெரியவருக்கு. டிகாக்‌ஷன் இறக்குவது ஒரு ஆச்சிக்கு. கடையில் சில்லறை அடுக்குவது ஒரு இளைஞருக்கு. காபி என்றால்: ஃபில்டரை எடு, தூளை இரண்டு கரண்டி போடு, அழுத்து, வெந்நீர் ஊற்று, மூடு. ஐந்து அட்டைகள், ஐந்து படங்கள். தினமும் அதே பாத்திரம், அதே இடம், அதே வரிசை. வெந்நீரை ஊற்றும் அடியில் மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். மாத்திரைக்கும் மருத்துவ நாளுக்கும் அலைபேசியில் அலாரம், ஏழு நாள் மாத்திரைப் பெட்டி. நினைவைத் திரும்பக் கொண்டுவருவதைவிட நினைவு இல்லாமலே வேலை நடக்கச் செய்வது எளிது. மூளைப் பயிற்சி என்று வரும் கைபேசி விளையாட்டுகளில் ஆடுபவர் அந்த விளையாட்டில் தேறுகிறார். மாத்திரை போட மறப்பது அப்படியே இருக்கிறது.

படி 8: கோபம் ஏறும்போது

ஏறிய கோபத்தில் நியாயம் பேசக் கூடாது. குரலைத் தாழ்த்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், பேசுபவர் ஒருவராக இருங்கள், பேச்சை அவருக்குப் பிடித்த வேறு விஷயத்துக்குத் திருப்புங்கள். வழியை மறித்து நிற்காதீர்கள். அடங்கிய பிறகு "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்ற விசாரணையும் வேண்டாம், அவருக்கு நினைவே இல்லாமல் இருக்கலாம். குழந்தைகள் முன்னால் நடந்திருந்தால் அவர்களிடம் தனியே விளக்குங்கள்: "ஐயாவுக்குத் தலைக்குள் அடிபட்டிருக்கிறது, உன்மேல் கோபம் இல்லை." கைநீட்டும் அளவுக்குப் போனால் பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

படி 9: வண்டி, மது, கையெழுத்து

மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது. நேராக நடப்பதும் பேசுவதும் ஓட்டும் தகுதிக்குச் சான்று அல்ல. வேகம், கவனம், பார்வைப் புலம், வலிப்பு ஆபத்து நான்கையும் பார்க்க வேண்டும். மது அறவே கூடாது. வலிப்பைக் கூட்டும், மிச்சமிருக்கும் கட்டுப்பாட்டையும் கரைக்கும்.

பணத்தில் தயங்காமல் முன்னெச்சரிக்கை எடுங்கள். காசோலைப் புத்தகம், பத்திரங்கள், அலைபேசியில் பணம் அனுப்பும் செயலி இவற்றில் தொகைக்கு வரம்பு வையுங்கள். சட்டைப்பையில் சின்னத் தொகை இருக்கட்டும். காசே இல்லாமல் வைப்பது அவமானம். கடைக்குத் திரும்புவதென்றால் முதலில் கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு மணி, பழக்கமான வேலை மட்டும். கல்லாவில் பிறகு உட்காரலாம்.

படி 10: பார்த்துக்கொள்பவருக்கும் தாள் வேலைக்கும்

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஆச்சி ஒருவரே கணவரைப் பார்த்துக்கொள்ளும் நிலை இங்கே சாதாரணம். வெளியூர்ப் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு, மாதத்தில் சில நாள் வந்து முறை மாற்றிக்கொள்ள வேண்டும். வீடியோ அழைப்பில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "அப்பச்சி நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று சொல்லாமல் இருப்பதே பாதி உதவி. அந்த ஐந்து நிமிடம் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் புதிய பழக்கங்களைக் கற்றுக்கொள்கிறார்கள். எனவே "இனி இவ்வளவுதான்" என்று யாராவது ஆறாவது மாதத்தில் சொன்னால் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் என்ற தனி வகை அதில் இல்லை. காயத்தால் வந்த கை கால் செயலிழப்பு, மொழிக் குறைபாடு, மனநோய் போன்றவற்றின் கீழ்தான் சான்றிதழ் கேட்க வேண்டும். சாலை விபத்து என்றால் இழப்பீட்டு வழக்கில் வெட்டுக்காய எண்ணிக்கையை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தீர்ப்பாயம் பார்க்கும். நடக்கவும் பேசவும் முடிகிறவரின் இழப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. நினைவு, கவனம், திட்டமிடும் திறனை அளந்து ஒரு நியூரோ சைக்காலஜிஸ்ட் எழுதிய அறிக்கையை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியாகவோ பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையிலோ பெற்று, தாமதிக்காமல் வழக்கறிஞரிடம் கொடுங்கள். ஐந்தாம் படியில் சொன்ன நோட்டின் நகலையும் அதோடு இணையுங்கள்.